எங்கள் கொடிக்கால்களை மீண்டும் நட்டது யாருடைய பணம்?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் நிவாரண விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு அரசின் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எந்த இழப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும் விதிகள், 2022-23 முதல் 2025-26 வரையிலான ஆண்டுகளுக்காக எழுதப்பட்டவை. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் பதினைந்தாவது குழுவின் காலத்தைப் போலவே அவற்றின் காலமும் 2026 மார்ச் வரைதான். அடுத்த ஐந்தாண்டுகளுக்கான தொகைகளை எழுதும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணியின் கடைமடையில் வசிப்பவள். கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் என் திண்ணைக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டன. அன்றைக்குச் சோறு வந்தது, அரிசி வந்தது, கொஞ்சம் பணமும் வந்தது. அதற்குப் பிறகு வாழையை மீண்டும் நடுவதற்கும், வெற்றிலைக் கொடிக்காலை மீண்டும் போடுவதற்கும், மணல் மூடிய வயலைத் தோண்டி எடுப்பதற்கும் யார் பணம் தருவார்கள்?

அதற்கு அரசு விடை சொல்லவில்லை. எங்கள் ஊர் அதைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. பணத்தைத் தந்தவை எங்கள் பெண்களின் நகைகள். கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காதவர்கள் தனியார் அடகுக் கடைக்குப் போனார்கள். அடகு வைக்கவும் ஒன்றும் இல்லாதவர்கள் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் போனார்கள். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு இருக்கும் பெண்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கடைமடை மீண்டும் பச்சையானதைப் பார்த்து, 'இயல்பு நிலை திரும்பியது' என்று யாராவது அறிக்கை எழுதியிருந்தால், அந்த இயல்பு நிலைக்கான செலவு எந்த அரசுக் கணக்கிலும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 17 காலை முதல் 18 காலை வரை காயல்பட்டினத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை பெய்தது. ஓர் ஆண்டு முழுவதும் எங்கள் மாவட்டத்தில் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். ஆற்றில் வந்த நீர் ஒரு பக்கம், உடைந்த குளங்களின் நீர் ஒரு பக்கம். தூத்துக்குடி நகரத்துக்குள் கோரம்பள்ளம் குளத்து நீர் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். நாடு முழுவதும் அந்த ரயிலைப் பார்த்தது. ரயில் நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க வெளியாட்கள் வந்து சேரச் சில நாட்கள் ஆயின. ஏரல் கடைவீதியில் சரக்கு முழுவதையும் இழந்த வியாபாரிகள், ஆத்தூரில் சாய்ந்த கொடிக்கால்கள், வைப்பாறு முதல் ஆறுமுகநேரி வரை கரைந்துபோன உப்பு அம்பாரங்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023ஆம் ஆண்டில்தான்.

பணத்துக்கு வருகிறேன்.

அதே மாதத் தொடக்கத்தில் சென்னைப் பகுதியைத் தாக்கிய மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய் கேட்டது. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 2024 ஏப்ரலில் அனுமதிக்கப்பட்டது இரண்டுக்கும் சேர்த்து 682.67 கோடி. மாநில நிதியில் இருந்த இருப்பைக் கணக்கில் கொண்டு கழித்தபின் கைக்கு வந்தது 276 கோடி. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரு தரப்பு அரசியல்வாதிகளும் நிறையப் பேசினார்கள். கேட்ட தொகை ஊதிப் பெருக்கப்பட்டது என்றார்கள் ஒரு தரப்பினர். கொடுத்த தொகை அவமானம் என்றார்கள் மறு தரப்பினர். இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே இத்தனை பெரிய பள்ளம் ஏன் விழுகிறது என்பதை உங்கள் விதிப் புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். மாநிலம் இழப்பைக் கணக்கிட்டுக் கேட்கிறது. மத்தியக் குழு விதித் தொகையைப் பெருக்கிக் கொடுக்கிறது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவதாகப் பாவித்துக்கொள்வதால் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் இதே சண்டை நடக்கிறது.

அந்த விதித் தொகை ஒரு வயலில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமடைந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிர் என்றால் 22,500. அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். எங்கள் ஊரில் யாரும் ஹெக்டேரில் பேசுவதில்லை. ஏக்கருக்கு மாற்றினால் முதல் தொகை ஏறத்தாழ 6,900, இரண்டாவது ஏறத்தாழ 9,100. ஓர் ஏக்கரில் சுமார் ஆயிரம் வாழை நிற்கும். அப்படியென்றால் குலை தள்ளி அறுவடைக்கு நின்ற ஒரு வாழைக்கு அரசு வைத்த மதிப்பு ஏழு ரூபாய், அல்லது ஒன்பது ரூபாய். அந்த வாழை சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்த கம்பு ஒன்றின் விலை அதைவிடப் பல மடங்கு. கன்று, உரம், களையெடுப்பு, மண் அணைப்பு, பத்து மாதக் காவல் இவற்றை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கொடிக்காலுக்கு வாருங்கள். வெற்றிலைக்கு முதலில் அகத்தி விதைத்து அதை ஆள் உயரத்துக்கு மேல் வளர்க்க வேண்டும். அதன்மேல் கொடியை ஏற்றி, வாரம் தவறாமல் கட்டிக் கொடுத்து, பிறகுதான் இலை கிள்ள முடியும். வெற்றிலைக் கொடியின் வேர் தேங்கிய நீரைத் தாங்காது. அந்த டிசம்பரில் தண்ணீர் தேங்கிய இடங்களில் கொடி முழுவதும் அழுகியது. இலை கிள்ளிக் கவுளி அடுக்கி விற்றுக் கிடைக்கும் காசு மாதக்கணக்கில் நின்றது. கிள்ளுகிறவர்கள், கட்டுகிறவர்கள், சுமக்கிறவர்கள் என்று ஒரு கொடிக்காலை நம்பி இருக்கும் கூலிக் குடும்பங்களுக்கும் நின்றது. உங்கள் விதியில் கொடிக்காலுக்கு ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி வாழ்ந்த கூலிக்காரர்களுக்கு வரி இல்லை.

இல்லை என்று சொன்னது முழு உண்மை அல்ல. ஒரு வரி இருக்கிறது. அது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பயன்படவில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். பேரிடரால் வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் வயது வந்த இருவருக்கு, நூறு நாள் வேலைத் திட்டக் கூலிக்கு இணையான தொகையை 30 நாட்கள் வரை கொடுக்கலாம் என்று உங்கள் விதி சொல்கிறது. 2023-24இல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி நாளொன்றுக்கு 294 ரூபாய். இருவருக்கு 30 நாள் என்றால் 17,640 ரூபாய். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடும் பாதிப்பு என்று வகுக்கப்பட்ட பகுதிகளின் குடும்ப அட்டைக்குக் கிடைத்தது 6,000. மற்றப் பகுதிகளுக்குக் கிடைத்தது 1,000. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதி அந்த மழைக்குப் பிறகு எத்தனை நாள் வேலையில்லாமல் இருந்தார்கள் என்று யாராவது கேட்டிருந்தால், இந்த வரிக்குப் பயன் ஏற்பட்டிருக்கும். பாத்திகளில் வண்டலும் குப்பையும் படிந்து கிடந்தன. அவற்றை வழித்து, மிதித்து, மீண்டும் கடல்நீர் பாய்ச்சி உப்பு விளைவதற்குள் பருவத்தில் ஒரு பெரும் பகுதி போயிருந்தது.

6,000 ரூபாயை நான் குறைத்துச் சொல்லவில்லை. சேறு படிந்த வீட்டில் அடுப்பு மூட்ட வழியில்லாதவர்களுக்கு நியாய விலைக் கடையில் ரொக்கமாகக் கையில் கிடைத்த அந்தப் பணம் பெரிய ஆறுதல். தமிழ்நாடு அரசு அதோடு நிற்கவில்லை. தென் மாவட்டங்களுக்கு 1,000 கோடி ரூபாய்த் தொகுப்பை அறிவித்தது. முழுவதும் இடிந்த வீடுகளைப் புதிதாகக் கட்ட 4 லட்சம் ரூபாய் வரை என்றது. மத்திய விதியில் சமவெளியில் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய்தான். குடிசைக்கு மத்திய விதி 8,000, மாநிலம் 10,000 கொடுத்தது. உயிரிழப்புக்கு 4 லட்சம் என்பதை 5 லட்சமாக்கியது. இந்த வேறுபாடுகள் எல்லாமே ஒன்றைக் காட்டுகின்றன. மத்திய விதித் தொகை போதாது என்பதை ஒரு மாநில அரசு தன் கையிலிருந்து பணம் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியானால் விதியைத்தானே மாற்ற வேண்டும்?

அதே சமயம் மாநில அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். 2023இல் சென்னைக்கு 6,000. எங்கள் பகுதிக்கு 6,000. மறு ஆண்டு ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டதில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் தூக்கத்தில் மூழ்கின. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மக்களுக்குக் குடும்பத்துக்கு 2,000. இடுப்பளவுத் தண்ணீர் எந்த மாவட்டத்தில் நின்றாலும் இடுப்பளவுதானே? எந்த அளவுகோலை வைத்து ஓர் ஊருக்கு 6,000 என்றும் இன்னோர் ஊருக்கு 2,000 என்றும் முடிவாகிறது? அந்த அளவுகோல் எழுதப்பட்டிருந்தால் மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். எழுதப்படவில்லை என்றால் எழுதுங்கள். இன்று அது அறிவிப்பு வெளியாகும் நாளின் அரசியலையும் கஜானாவையும் பொறுத்திருக்கிறது.

இனி, இந்த மடலுக்குக் காரணமான விஷயம்.

பதினைந்தாவது நிதிக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. மாநிலங்களின் பேரிடர் நிதியை வெறும் நிவாரணம் என்று விட்டுவிடாமல் பிரித்துவைத்தது. நூறு ரூபாயில் 20 ரூபாய் பேரிடரின் பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு. 40 ரூபாய் உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும். 10 ரூபாய் முன்தயாரிப்புக்கு. மீதி 30 ரூபாய் மறுசீரமைப்புக்கும் மறுகட்டுமானத்துக்கும். இந்த 30 ரூபாய்தான் எங்களுக்கு வேண்டியது. வயலைத் திரும்ப வயலாக்கவும், கடையைத் திரும்பத் திறக்கவும், படகைத் திரும்பக் கடலில் இறக்கவும் உரிய பணம் அது.

2024-25இல் தமிழ்நாட்டின் நிவாரண நிதிக்கு மத்திய அரசு விடுவித்த பங்கு 944.80 கோடி. 75க்கு 25 என்ற விகிதத்தில் மாநிலப் பங்கையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,260 கோடி. பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கான 20 ரூபாய் போக மீதி 80 ரூபாய்தான் இந்த நிவாரண நிதி; அந்த 80இல் 30 என்ற விகிதப்படி மறுசீரமைப்புக்கு உரியது சுமார் 470 கோடி. ஓர் ஆண்டுக்கு, ஒரு மாநிலத்துக்கு. சிறிய தொகை இல்லை. ஆனால் என் திண்ணைக்கு வந்த யாரிடமும், கிராம நிர்வாக அலுவலர் முதல் மேலே உள்ளவர்கள் வரை ஒருவர்கூட, 'இது நிவாரணம், அது தனி, மறுசீரமைப்புக்கு வேறு விண்ணப்பம் கொடுங்கள்' என்று சொன்னதில்லை. கிராமத்தில் அப்படி ஒரு விண்ணப்பப் படிவமே இல்லை.

மறுசீரமைப்பு நிதி என்றால் பெரிய திட்டம் என்றே மேலே புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. உத்தராகண்டில் நிலம் அமிழ்ந்த ஜோஷிமத் ஊருக்கு 1,658 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023இன் வெள்ளத்துக்காக இமாசலப் பிரதேசத்துக்கு 2,006 கோடி ரூபாய்த் திட்டம் 2025 ஜூனில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த மக்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வயநாட்டின் கதை வேறு. பேரிடருக்குப் பிந்தைய தேவைகளைக் கணக்கிட்டுக் கேரளம் 2,221 கோடி கேட்டது. நிலச்சரிவு நடந்து ஓராண்டுக்கு மேல் கழிந்து, 2025 அக்டோபரில் ஒப்புக்கொள்ளப்பட்டது 260.56 கோடி. இதற்கிடையே கிடைத்த 529.50 கோடியும் கடன்தான். வட்டி இல்லாத கடன் என்றாலும் கடன் கடன்தான். வீட்டையும் உறவுகளையும் மண்ணுக்குள் விட்டவர்களுக்காக ஒரு மாநிலம் கடன் வாங்கும்படி ஆகியிருக்கக் கூடாது.

இமாசலத்துக்கு இரண்டு ஆண்டு, வயநாட்டுக்கு ஓராண்டுக்கு மேல். சாலைக்கும் பாலத்துக்கும் இந்தத் தாமதம் தாங்கும். வாழைக்குத் தாங்காது. ஒரு விவசாயிக்கு அடுத்த நடவு அடுத்த ஆண்டு வரை காத்திருக்காது. நட வேண்டிய மாதம் தவறினால் விலை கிடைக்கும் மாதம் தவறும். அதனால்தான் அவன் உங்கள் உயர்மட்டக் குழு கூடும்வரை காத்திருக்காமல் மனைவியின் நகையை எடுத்துக்கொண்டு போகிறான்.

அடுத்த விதிகளில் மறுசீரமைப்பு நிதியின் ஒரு பகுதியைச் சிறு உற்பத்தியாளர்களுக்கு என்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள். குத்தகை விவசாயி, கொடிக்கால்காரர், உப்பளத் தொழிலாளி, நாட்டுப்படகு மீனவர், நூறு சதுர அடியில் கடை வைத்திருப்பவர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். வெள்ளம் வந்த உடனே ஒரு தொகை, அடுத்த நடவுக்கு முன் இரண்டாவது தொகை என்று பிரித்துக் கொடுங்கள். இரண்டாவது தொகையின் அளவை, அந்தப் பயிரை ஓர் ஏக்கரில் மீண்டும் வைக்க என்ன செலவாகும் என்ற கணக்கிலிருந்து எடுங்கள். அந்தக் கணக்கு உங்களிடம் இல்லாமல் இல்லை. கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடன் கொடுக்க மாவட்டந்தோறும் ஒவ்வோர் ஆண்டும் பயிர்வாரியாகக் கடன் அளவை நிர்ணயிக்கிறார்கள். வாழைக்கு ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும் என்பது கடன் கொடுக்கும்போது அரசுக்குத் தெரிகிறது. இழப்பீடு கொடுக்கும்போதும் அதே கணக்கை எடுத்து மேசையில் வைத்தால் போதும்.

வயலில் மணல் மேடிட்டால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால் மட்டும். ஏக்கருக்கு 7,300 ரூபாய்தான் ஆகிறது. ஜேசிபி வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. எங்கள் ஆற்றோர வயல்களில் முழங்கால் அளவுக்கு மணல் கிடந்தது. ஏழு மணி நேர வாடகையில் அதைத் தள்ளி முடிக்க முடியுமா என்று எந்த வேளாண் அலுவலரிடமும் கேட்டுப் பாருங்கள். மூன்று அங்குலத்துக்கும் மூன்று அடிக்கும் ஒரே தொகை என்பது எந்த வகையில் நியாயம்?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பணம் யாருக்குப் போகிறது என்பது.

தாமிரபரணிப் பாசனத்தில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் சொந்தமான நிலம் ஏராளம். உழுகிறவர்கள் குத்தகைக்காரர்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை. 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவுக்குப் போனால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற பயத்தில் போகாதவர்களே அதிகம். வெள்ளம் வந்ததும் அலுவலகம் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் அடங்கலில் உழுகிறவர் பெயர் இல்லை. என் பக்கத்துத் தெரு மதினி ஒருவர் இருபது சென்ட் கொடிக்காலைக் குத்தகைக்கு வைத்திருந்தார். கணவர் இல்லை. மனு எழுத வந்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தண்ணீர் வந்தது என் கொடிக்காலில். காசு வந்தது நிலத்துக்காரர் கணக்கில். இதை யாருக்கு எழுதுவது?” எந்த அலுவலகம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் தீயவர்கள் இல்லை. விதி கேட்ட தாளைத்தான் அவர்கள் கேட்டார்கள். தாள் இல்லாத பெண்ணுக்கு இழப்பு இல்லை என்று விதி முடிவு செய்துவிட்டது.

இதே போல, ஆடு மாடு. கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று விதி சொல்கிறது. இது ஓரளவு நியாயமான தொகை. ஆனால் செத்த மாட்டைக் காட்டு, கால்நடை மருத்துவரின் சான்று கொண்டு வா என்றார்கள். கொட்டகையோடு ஆற்றில் போன மாடு புன்னைக்காயல் கழிமுகம் தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும். அதற்கு யார் பிரேதப் பரிசோதனை செய்வது? பால் சொசைட்டியில் அந்த வீட்டுக்காரி ஊற்றிய பாலுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்னால் ஊற்றியவர், வெள்ளத்துக்குப் பின் ஊற்றவில்லை. இதைவிடச் சிறந்த சான்று எந்த மருத்துவரும் தர முடியாது. அந்தக் கணக்கைச் சான்றாக ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு வரி விதியில் இருந்திருந்தால், பல வீடுகளுக்கு ஒரு மாடு திரும்பியிருக்கும்.

உழுதவர் யார், எந்த வீட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். கிராம சபையைக் கூட்டி, பயனாளிகள் பட்டியலை வாசித்து, அக்கம்பக்கத்து வயல்காரர்களின் கையெழுத்தைச் சான்றாக வாங்குங்கள். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே சொல்லட்டும். பொய்ப் பெயர்களும் அங்கேதான் வெளியே வரும். பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

காற்றைப் பற்றியும் எழுத வேண்டும். சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று பத்து நிமிடத்தில் ஒரு தோட்டத்தைப் படுக்க வைத்துவிட்டுப் போகிறது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் இல்லை. தேனியில், கன்னியாகுமரியில், திருச்சியில், ஈரோட்டில், வாழை இருக்கும் இடமெல்லாம் இது நடக்கிறது. குலை தள்ளிய வாழைதான் முதலில் முறியும். வங்கக் கடலில் உருவாகிப் பெயர் வைக்கப்பட்ட புயல் அடித்தால் அது பேரிடர். பெயர் இல்லாத காற்று அதே வாழையை முறித்தால்? மத்திய அரசு அறிவித்துள்ள பேரிடர்ப் பட்டியலில் புயல் இருக்கிறது, வறட்சி இருக்கிறது, ஆலங்கட்டி மழை இருக்கிறது, குளிர் அலையும் பூச்சித் தாக்குதலும் இருக்கின்றன. இந்தச் சூறைக்காற்றுக்குத் தனி இடம் இல்லை. மாநிலம் விரும்பினால் தன் நிதியில் பத்து விழுக்காடு வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் மின்னல், வெப்ப அலை என்று பலவும் போட்டி போடுகின்றன. 2024இல் வெப்ப அலையைத் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல முடிவு. சூறைக்காற்றைத் தேசியப் பட்டியலிலேயே சேருங்கள். பரப்பளவு சிறியது என்பது மறுக்கக் காரணம் ஆகக் கூடாது. ஊர் முழுவதும் விழுந்தால்தான் இழப்பு என்றால், தன் தோட்டம் மட்டும் விழுந்தவன் இரட்டிப்பாகத் தண்டிக்கப்படுகிறான். அவனுக்காகப் பேச ஊரும் சேர்ந்து வராது.

நகைக்கடனுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இதில் உங்களால் உடனே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. பேரிடர் பாதித்த பகுதிகளில் பயிர்க்கடனின் தவணைக் காலத்தை மாற்றியமைக்க வங்கிகளுக்கு வழிமுறை இருக்கிறது. அதற்கு மாநில அரசு பயிர்ச் சேதத்தை முறையாக அறிவிக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் விவசாயத்துக்காக வாங்கிய நகைக்கடன்களையும் அந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். முதல் ஓர் ஆண்டின் வட்டியை மறுசீரமைப்பு நிதியிலிருந்து செலுத்தலாம் என்று விதியில் எழுதுங்கள். ஏலத்துக்குப் போகும் நகைகளில் எத்தனை வெள்ளத்துக்குப் பிறகு அடகுக்குப் போனவை என்று கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாவட்ட ஆட்சியர் ஒருவர் நினைத்தால் ஒரே வாரத்தில் அந்தக் கணக்கை எடுக்கச் சொல்லலாம்.

உங்களில் பலர் களப்பணியில் தேய்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த டிசம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து எங்களுக்குப் பால் பொட்டலம் கொண்டுவந்த வருவாய்த் துறை இளைஞர்களை ஊர் மறக்கவில்லை. அந்த இளைஞர்களே ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு வீடாக வந்து, 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை' என்று தலைகுனிந்து சொல்ல நேர்ந்ததையும் நான் பார்த்தேன். விதி மாறினால் அவர்களுக்கும் அந்த நிலை வராது.

புதிய விதிகளின் வரைவைத் தமிழில் வெளியிடுங்கள். கருத்துச் சொல்ல அறுபது நாட்களாவது கொடுங்கள். ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் திருக்கோவிலூரிலும் மயிலத்திலும் ஒவ்வொரு நாளாவது உட்கார்ந்து, குத்தகைக்காரர்களையும் கூலிக்காரர்களையும் நேரில் கேளுங்கள். 2023 வெள்ளத்துக்கும் 2024 புயலுக்கும் மறுசீரமைப்பு என்ற தலைப்பில் எந்த ஊருக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை வட்டவாரியாக வெளியிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் இவை நடந்தால், எங்கள் ஊரில் யார் யார் எதை இழந்தார்கள், எதை அடகு வைத்தார்கள், என்ன சான்று கையில் இருக்கிறது என்ற விவரங்களை வீடு வீடாக எழுதி உங்களுக்குக் கொடுக்க நானும் என்னோடு மனு எழுதும் பெண்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கடைமடையில் வசிக்கும்
ஓய்வு பெற்ற கிளை அஞ்சலக ஊழியர்